கெட்டுப்போகத் தெரிந்த கொட்டை

வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்றைக்குக் கவுண்டன்யா ஆற்றங்கரையில் திரளும் கூட்டத்துக்கு வேப்பிலை ஒடித்தே ஊரில் பாதி மரங்கள் தாழ்கிளை இல்லாமல் நிற்கும். கைக்கு எட்டாத உயரத்தில் காய் பச்சையாகத் தொங்கும். அப்புறம் ஒரு மாதம் பொறுத்தால் போதும். ஆனி பிறந்ததும் எங்கள் தெருமுனை மரத்தடியில் மஞ்சள் கோலி மாதிரிப் பழம் உதிர ஆரம்பிக்கும். மிதித்துக்கொண்டு போகிறவர்களின் செருப்பில் ஒட்டி அது வீட்டு வாசல்வரை வரும். பெருக்கித் தள்ளுகிற குப்பையாகத்தான் பலருக்கு அதைத் தெரியும்.

எதிர்வீட்டு ஆயாவுக்கு அப்படியில்லை. விடிகிற நேரத்தில் பழைய கோணியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிடுவார். அவர் முதலில் போவது வேப்பமரத்தடிக்கு இல்லை, நாலு வீடு தள்ளி நிற்கும் புளியமரத்தடிக்கு. வௌவால் வேப்பம்பழத்தைக் கவ்விக்கொண்டு போய் அங்கே தொங்கியபடி தின்னும். சதையை உறிஞ்சிவிட்டுக் கொட்டையைத் துப்பும். காலையில் பார்த்தால் கழுவித் துடைத்து வைத்தாற்போல வெள்ளைக் கொட்டைகள் கிடக்கும். “வவ்வா துப்பினதுதாம்பா நல்ல சரக்கு. நமக்குக் கழுவுற வேல மிச்சம்” என்பார். பழமாகப் பொறுக்கினால் சதையைப் பிசைந்து எடுத்து, வழவழப்புப் போகிறவரை அலசவேண்டும். அந்தச் சதை கையில் ஒட்டினால் சோப்புக்கும் எளிதில் போகாது.

வளர்ந்த வேப்பமரம் ஒன்று ஆண்டுக்கு 30 முதல் 50 கிலோ வரை பழம் தரும் என்பது பொதுவான கணக்கு. அதில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போகிறது. ஒரு பகுதி ஆயா மாதிரியானவர்கள் கையால் கடைக்குப் போய், எடை போடப்பட்டு, மூட்டையாகி, எண்ணெய் ஆலைக்கு லாரி ஏறுகிறது. அங்கே பிழிந்த எண்ணெய் சோப்புக்கும், 2015 முதல் பெருமளவில் யூரியாவுக்கும் போகிறது. உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வரவேண்டும் என்று மத்திய அரசு அந்த ஆண்டு கட்டாயமாக்கியது. எண்ணெய் பூசிய யூரியா மண்ணில் மெதுவாகவே மாறுவதால் தழைச்சத்து வீணாவது குறைகிறது. எண்ணெய் போக மிஞ்சும் புண்ணாக்கு நிலத்துக்கு வருகிறது. நான் பின்தொடர்ந்தது லாரி ஏறாத மூன்றாவது பகுதியை. ஆயாவிடம் ஒரு படி கேட்டு வாங்கி, என் மாடித்தோட்டத்துக்குக் கொண்டுவந்த கொட்டை அது.

முதல் வருஷம் அதை நான் கொன்றேன் என்றுதான் சொல்லவேண்டும். மொட்டைமாடியில் வேலூர் வெயிலில் இரண்டு நாள் வறுத்தெடுத்து, காய்ந்துவிட்டது என்று நம்பி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி வைத்தேன். ஐப்பசியில் பிரித்தால் குப்பென்று பூசண வாடை. ஓட்டை உடைத்தால் உள்ளே பருப்பு கறுத்துக் கிடந்தது. இருந்தாலும் விடவில்லை, அதையே ஊறவைத்துத் தெளித்தேன். வெண்டை இலையில் இருந்த பச்சைப்புழுக்கள் சாரல் நின்றதும் விட்ட இடத்திலிருந்து தின்றன. ஆயா கேட்டுச் சிரித்தார். “வெயில்ல போட்டா சத்து பூடும். நெழல்ல காத்தாட வையி. கோணில கட்டு. அதுக்கும் மூச்சு விடணும் இல்ல?”

அந்த மூச்சுக் கணக்கு சரி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வேப்பங்கொட்டை நெல்லைப் போல ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் விதையே கிடையாது. முளைக்கும் திறன் சில வாரங்களில் போய்விடும். உள்ளே எண்ணெய் அதிகம், ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். அதில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும் பூசணமும் ஒன்று. கறுத்த பருப்பைப் பொறுக்கி எறியச் சொல்வதில் காரணம் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் விதியும் இதைச் சுற்றியே ஓடுகிறது: பொறுக்கி மூன்று மாதமாவது ஆகியிருக்கவேண்டும், எட்டு முதல் பத்து மாதத்துக்கு மேல் ஆனதைத் தொடக்கூடாது. ஆனியில் பொறுக்கினால் புரட்டாசியில் பக்குவம், பங்குனி சித்திரையோடு ஆயுள் முடிந்தது. அடைமழை முடிந்து அவரைக் கொடியில் அசுவினி அப்புகிற கார்த்திகை, மார்கழி இந்தக் காலத்துக்குள் அழகாக விழுகிறது. கெட்டுப்போவதற்குள் வேலையை முடித்துவிடும் பொருள் இது.

இந்தக் கெட்டுப்போகும் குணம் எங்கள் ஊரில் இருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று குடியாத்தத்தைச் சுற்றி இருப்பது தோல் ஊர்கள். தோல் தொழில் என்பதே அழுகுகிற பொருளை அழுகாமல் நிறுத்தும் வித்தை. உரித்த தோல் ஒரே நாளில் நாறத் தொடங்கும். உப்பு போட்டு அதை நிறுத்துவார்கள், சுண்ணாம்பில் ஊறவைத்து முடி போக்குவார்கள், பிறகு பதனிடுவார்கள். பழைய ஆட்கள் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். நாள் பிடித்தது. அப்புறம் குரோமியம் வந்தது, வாரக்கணக்கு நாள்கணக்கானது. தோல் நின்றது. தோலை நிறுத்திய சரக்கும் நின்றுவிட்டது, அதுதான் வினை. உப்பு கிணற்றில் இறங்கியது, குரோமியம் மண்ணில் தங்கியது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது இந்த மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். தோல் பட்டறை வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்ற கணக்கெடுப்பு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும், குரோமியப் பதனிடுதலில் 170 வகை ரசாயனங்கள் புழங்குகின்றன என்பதும் இருக்கிறது. தீங்கு வரும் என்று அறிவியல் முழுமையாக நிரூபிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக நீதிபதி குல்தீப் சிங் அமர்வு ஏற்றது இந்த வழக்கில்தான். பட்டறைக் கழிவு கலந்த பாலாறு சட்டக் கல்லூரிகளில் ஒரு பாடமாக இருக்கிறது. பாலாற்றங்கரைக் கிணறுகளில் இன்னும் சோப்பு நுரைக்க மறுக்கிறது.

பேரணாம்பட்டு சாலையில் உப்புத்தோல் ஏற்றிய லாரியும் வேப்பங்கொட்டை மூட்டை ஏற்றிய மினி லாரியும் ஒன்றை ஒன்று தாண்டிப் போகும்போது எனக்கு இதெல்லாம் நினைவுக்கு வரும். மோப்பம் பிடித்தே எது எது என்று சொல்லிவிடலாம்.

கொட்டையின் கதையை வெளியுலகம் படித்த விதமும் கொஞ்சம் வேடிக்கை. அறிவியல் உலகத்தில் வேம்புக்கு அசாடிராக்டா இண்டிகா என்று பெயர். வைத்தவர் பிரெஞ்சுக்காரரான ஜுஸ்ஸியே, ஆண்டு 1830. மூலச்சொல் பாரசீகம்: ‘ஆசாத் தரக்த்’. ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ உருது பேசுகிற யாரைக் கேட்டாலும் அகராதி பார்க்காமல் அர்த்தம் சொல்வார்கள், ஆசாத் என்றால் சுதந்திரமான, தரக்த் என்றால் மரம். 1959-ல் சூடானில் வெட்டுக்கிளிப் படை இறங்கிக் கண்ணில் பட்ட பச்சையை எல்லாம் மேய்ந்தபோது, இந்தியாவிலிருந்து அங்கே போயிருந்த வேப்பமரங்கள் மட்டும் தழைத்து நின்றதை ஹைன்ரிக் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் பார்த்தார். 1962-ல் டெல்லியில், இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரதான், ஜோத்வானி, ராய் ஆகியோர் வேப்பம்பருப்பைத் தண்ணீரில் கரைத்துப் பயிரில் தெளித்துப் பார்த்தார்கள். வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்தது, வாய் வைக்கவில்லை. நம் பாட்டிகள் குதிரில் வேப்பிலை போட்டபோது கேட்காத கேள்வியை, ஏன் வாய் வைக்கவில்லை என்பதை, இவர்கள் கேட்டார்கள். பாட்டிகளுக்கு விடை தேவைப்படவில்லை, வேலை நடந்தது.

விடை 1968-ல் பிடிபட்டது. பட்டர்வொர்த், மார்கன் என்ற இரண்டு ஆங்கிலேய ஆய்வாளர்கள் கொட்டையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து அசாடிராக்டின் என்று பெயரிட்டார்கள். அதன் அமைப்பு முழுதாகத் தெளிய 1985 ஆயிற்று. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழு ஆய்வகத்தில் அதைச் செயற்கையாகக் கட்டி முடித்தது 2007-ல், 22 ஆண்டு உழைப்புக்குப் பின். தெருமுனை மரம் அதை ஒவ்வோர் ஆனியிலும் கீழே உதிர்த்துவிட்டு மிதிபடுகிறது.

இதை வைத்து வியாபாரம் செய்ய வந்த கம்பெனிகளுக்கு எதிரில் நின்ற சிக்கல், என் பிளாஸ்டிக் பையில் நடந்ததுதான். சரக்கு நிற்கவில்லை. அசாடிராக்டின் வெயிலில் சிதையும், காரத்தன்மையுள்ள தண்ணீரில் சிதையும். கடை அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கவேண்டிய பாட்டிலுக்கு இது ஆகாது. அமெரிக்காவின் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனம் வேம்புச் சாற்றை நாள்பட நிறுத்தும் வழிக்கு அங்கே காப்புரிமை வாங்கியது. அந்த நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் சேர்ந்து, பயிரில் பூசணத்தைத் தடுக்க வேப்பெண்ணெயைப் பயன்படுத்தும் முறைக்கு ஐரோப்பாவில் 1994-ல் ஒரு காப்புரிமை பெற்றன. சூழலியலாளர் வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் கட்சியினர், உலக இயற்கை வேளாண் இயக்கத்தினர் என்று மூன்று தரப்பாரும் சேர்ந்து எதிர்த்தார்கள். மியூனிக்கில் நடந்த விசாரணையில் இந்தியத் தொழிற்சாலை மேலாளர் ஒருவர் வந்து, நாங்கள் இதை முன்பிருந்தே செய்துகொண்டுதான் இருக்கிறோம் என்று சாட்சி சொன்னார். 2000 மே மாதம் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடு 2005 மார்ச்சில் தள்ளுபடி.

வெற்றிக் கதையாகவே இதைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. காப்புரிமையை முறியடித்த நாட்டில், கொட்டையை எத்தனை மாதத்துக்குள் எடுக்கவேண்டும் என்று தெரிந்த வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. மாடித்தோட்டம் வைத்தவர்கள் பலரும் கடைக்குப் போய் வேப்பெண்ணெய்ப் பாட்டில் வாங்குகிறார்கள். எண்ணெய் வேறு, பருப்புக் கரைசல் வேறு. அசாடிராக்டின் எண்ணெயில் குறைவாகவே இறங்கும், தண்ணீரில் ஊறிய பருப்பிலிருந்து நன்றாக வரும். எண்ணெயை அளவு தவறித் தெளித்து, இளந்தளிர் கருகி, இயற்கை முறையெல்லாம் சும்மா என்று திரும்பவும் விஷ மருந்துக்குப் போனவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இனி மாடிக்கு வருவோம். புரட்டாசி கடைசி. கோணியிலிருந்து எடுத்த கொட்டையை அம்மியில் லேசாகத் தட்டினால் ஓடு விலகும். உள்ளே இளம்பச்சைப் பருப்பு, நசுக்கினால் பூண்டு மாதிரி ஒரு நெடி. அந்த நெடி இருந்தால் உயிர் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பு, வயலுக்கானால் 100 லிட்டருக்கு 5 கிலோ. பல்கலைக்கழகம் சொல்லும் ஐந்து சதவீதக் கரைசல் இதுதான். பருப்பை ஒன்றிரண்டாக இடிக்கவேண்டும். நான் ஒருமுறை சோம்பல்பட்டு மிக்சியில் அடித்தேன். ஒரு வாரம் வீட்டில் சட்னி கசந்தது, அதற்கப்புறம் உரல் எனக்கென்று தனியாக வாங்கித் தரப்பட்டது.

இடித்ததைக் கொஞ்சம் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டிப் பிழியவேண்டும். பால் மாதிரி வெள்ளையாக இறங்கும். மறுபடி தண்ணீர் விட்டு, பால் வருவது நிற்கும்வரை பிழியலாம். அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, இலையில் ஒட்டுவதற்காகக் கொஞ்சம் சோப்புக் கரைசல். இங்கேதான் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் காலை வாரும். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து மிதக்கும், தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும். பிடித்துவைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது கிடையாது. வெயில் தாழ்ந்து நாலு மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடிக்கவேண்டும். பூச்சி குடியிருப்பது அங்கேதான். கரைத்ததை அன்றைக்கே தீர்த்துவிடவேண்டும், நாளைக்கு வைத்தால் வெறும் கசப்புத் தண்ணீர்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். புழு உயிரோடுதான் இருக்கும். கடை மருந்து அடித்துப் பழகியவர்கள் கீழே செத்து விழுந்ததை எண்ணிப் பார்த்துத் திருப்தி அடைகிறவர்கள். அவர்களுக்கு இது பிடிபடாது. நான் ஒரு புழுவைக் குறித்து வைத்துக்கொண்டு நாலு நாள் பார்த்தேன். முதல் நாள் இலை ஓரத்தில் வாய் வைத்துப் பார்த்து நகர்ந்தது. இரண்டாம் நாள் ஓட்டைகள் பெரிதாகவில்லை. மூன்றாம் நாள் மந்தமாக ஒரே இடத்தில் கிடந்தது. புழு வளர்வதற்குத் தோலை உரிக்கவேண்டும், பழைய சட்டையைக் கழற்றுவதுபோல. அதற்கு உள்ளே ஒரு சுரப்பு சரியான நேரத்தில் சுரக்கவேண்டும். அசாடிராக்டின் அந்த நேரத்தைக் குழப்புகிறது. நாலாம் நாள் என் புழு பாதி உரித்த தோலுக்குள் மாட்டிக்கொண்டு காய்ந்து கிடந்தது. தோல் ஊரில் தோலாலேயே ஒரு முடிவு.

அந்த நாலு நாளில் இலைமேல் இருந்த கரைசலும் வெயிலில் செத்துவிட்டது. ஆகவே ஒரு வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை திரும்ப அடிக்கவேண்டியிருக்கிறது. இதை அதன் குறை என்று கம்பெனிக்காரர்கள் எழுதுகிறார்கள். நான் அந்த வாரத்திலேயே கீரை பறித்துக் குழந்தைக்குக் கடைந்து கொடுக்கிறேன். தோலைக் காத்த சரக்கு கிணற்றில் தங்கியதைக் கண்ட ஊர்க்காரனுக்கு, வேலை முடிந்ததும் இல்லாமல் போகிற மருந்தின் அருமையைத் தனியாக விளக்கவேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் இது போதும் என்று சொன்னால் பொய். கத்தரியின் தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் புகுந்துவிட்ட புழுவை இது எட்டாது. வாடிய நுனியைப் புழுவோடு கிள்ளி எடுத்து அழிப்பதுதான் அதற்கு வழி. செம்பருத்தியில் மாவுப்பூச்சி மெழுகுப் போர்வை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கரைசல் உருண்டு ஓடும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிர்த்துவிட்டு, மிச்சத்தைப் பொறிவண்டுக்கு விட்டுவிடுவேன். பொறிவண்டின் குஞ்சுகள் கண்டால் அந்தச் செடிக்கு வேப்பம்பாலும் கிடையாது. அவை முதலை மாதிரி முகம் வைத்துக்கொண்டு பார்க்கப் பயமாக இருக்கும், பல பேர் பூச்சி என்று நசுக்கிவிடுகிறார்கள்.

மரத்தில் விளைந்ததால் மட்டும் அது சாது ஆகிவிடாது என்பதும் பதிவாகியிருக்கிறது. 1981-ல் மலேசிய மருத்துவர்கள் இருவர் லான்செட் இதழில் எழுதினார்கள்: சின்னக் குழந்தைகளுக்கு மருந்தென்று வேப்பெண்ணெய் புகட்டியதில் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்ட கேடு பற்றி. அன்போடு புகட்டிய மருந்துதான். ஆகவே என் வீட்டில் வேப்பம்பால் கரைத்த வாளி பிள்ளை எட்டாத இடத்தில் இருக்கும், தெளிப்பானை மீன் தொட்டிப் பக்கம் கழுவுவதில்லை. பிழிந்த சக்கை தொட்டி மண்ணில் புதைந்து, மழைக்கு இளகி, மறு விதைப்புக்குள் மண்ணாகிவிடுகிறது.

போன வருஷம் மழை முடிந்த கையோடு தெருமுனை மரத்தின் நுனிக்கிளைகள் தீயில் காட்டியதுபோலக் கருகின. தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் வேப்பமரங்கள் இப்படி ஆவது சில ஆண்டுகளாகச் செய்தியில் வருகிறது. தேயிலைக் கொசு என்கிற நாவாய்ப்பூச்சி தளிரில் சாறு உறிஞ்சுகிறது, பின்னாலேயே ஒரு பூசணம் நுழைகிறது. உலகத்துப் பூச்சிக்கெல்லாம் மருந்து தரும் மரத்துக்கே பூச்சி. நான் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். நாற்பது அடி உயரம். ஆயா வாசலில் முறத்தில் பழைய கொட்டையைப் புடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றை உடைத்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, மீதியைத் தென்னை மூட்டில் கொட்டினார்.

“இதுல நெடி பூடுச்சி” என்றார். “மரத்த வுடு. பங்குனி வரட்டும்.”

பங்குனியில் கருகிய நுனிகளுக்கு ஒரு சாண் கீழே, செம்பு நிறத்தில் தளிர் விட்டிருந்தது. பூ அந்த வருஷம் குறைவு. ஆனியில் ஆயா கோணியோடு புளியமரத்தடிக்குப் போனபோது, பாதிக் கோணிதான் நிறைந்தது.